மைசெல்ஃப் வசந்தா

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஆயுசு பூராவும் ஒரே தலைவலிதான்: வந்தவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் அந்த முதல் நிமிடம். தொண்ணூறுகளின் கடைசியில் மல்லேஸ்வரத்தில், ஒரு காபிப்பொடிக் கடையின் மாடியில் வகுப்பு நடத்தினேன். வாசலில் 'மிஸஸ் ராகவன் ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று பலகை. இன்டர்வியூ அறையில் நாக்கு உலர்ந்து உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் பட்ட பாடு புரியும்.

முதல் நாள்

எல்லோரும் எழுந்து "மைசெல்ஃப் முருகேசன்", "மைசெல்ஃப் வசந்தா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'ஐ ஆம் முருகேசன்' என்று சொல்லுங்கள், நீங்களே ஒரு வேலையைச் செய்திருந்தால் 'ஐ டிட் இட் மைசெல்ஃப்' என்று சொல்லுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவேன். தருமபுரியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை தேடிக்கொண்டிருந்த முருகேசன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எடுத்த எடுப்புலயே 'ஐ'ன்னு ஆரம்பிச்சா, தலைக்கனம் புடிச்சவன்னு நெனைக்க மாட்டாங்களா மேடம்?"

யுவர்செல்ஃப்

வசந்தாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனுஷர் வீட்டிலேயே முடங்கிவிட்டார். பக்கத்து நர்சிங் ஹோமில் ரிசப்ஷன் வேலை இன்டர்வியூவுக்கு வசந்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் மகளின் காலேஜ் படிப்பு நின்றுவிடும்.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றேன். "மை ஹஸ்பண்ட்" என்று தொடங்கினாள். பிறகு மகள் வந்தாள், காலமான மாமியார் வந்தார், சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் வந்தார். ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. வசந்தா மட்டும் வரவேயில்லை. எரிச்சலோடு நிறுத்தி, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்: "என்னைப் பத்தித்தானே மிஸ் இவ்ளோ நேரமா சொல்லிட்டிருக்கேன்?"

நர்சிங் ஹோம்

நானே ஒரு பதில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்து அனுப்பினேன். சாயங்காலம் கண் சிவந்து படியேறி வந்தாள். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

லேடி டாக்டர் கேட்டதும் மனப்பாடம் எல்லாம் பறந்துவிட்டதாம். வழக்கம்போல 'மை ஹஸ்பண்ட்' என்று வாயில் வந்திருக்கிறது. டாக்டர் நிறுத்தி, "வேலை உங்களுக்குத்தானே?" என்றிருக்கிறார். அதன்பிறகுதான் வசந்தா 'ஐ' என்று ஆரம்பித்திருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை வருஷக்கணக்கில் தனியாகவே பார்த்துக்கொண்டது, ஊசி போடப் பழகியது, ராத்திரி பகல் பாராமல் டாக்டர்களிடம் பேசியது, எல்லாவற்றையும் சொல்லி, 'ஐ டிட் இட் மைசெல்ஃப்' என்று முடிக்கும்போது அழுதுவிட்டாளாம். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. "வகுப்புல ஒரு நாள்கூட இதைச் சொல்லலையே வசந்தா?" என்று கேட்டேன்.

"அது வீட்டு வேலைதானே மிஸ். அதைப் போய் 'நான் செஞ்சேன்'னு யாராவது சொல்லிக்குவாங்களா?"

இத்தனை பேரை 'ஐ' என்று தொடங்கவைத்த என்னுடைய பெயர் பத்மா என்பது, வாசல் பலகையைப் படித்துவிட்டுப் படியேறி வந்த ஒருவருக்கும் கடைசிவரை தெரியாது.