ஊதாத டிரம்பெட்

கல்யாண ஊர்வலமோ சாவு ஊர்வலமோ, பெரிய காஞ்சிபுரத்தில் பேண்டு செட் என்றால் முன்வரிசையில் கிறிஸ்டோபரின் டிரம்பெட் இருக்கும். ஐம்பது வயதை நெருங்கும்போது சர்க்கரையும் ஈறு வியாதியும் சேர்ந்து, அவருடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் ஒவ்வொன்றாக ஆட்டி விழவைத்துவிட்டன. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்றைப் போட்டுக்கொண்டார். பேச முடிந்தது, சிரிக்க முடிந்தது. டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தினால் மட்டும் அது நழுவி நாக்கில் விழுந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? செட்டில் லோகேஸ்வரன் என்று இன்னொரு டிரம்பெட்காரன் இருந்தான். அவரைவிட வயதில் இளையவன், சொந்தத் தம்பிபோலப் பழகுகிறவன். அவனை ஒட்டி நின்று, கன்னத்தை உப்பவைத்து, பாட்டுக்கு ஏற்றபடி விரல்களை மட்டும் ஓட்டினார் கிறிஸ்டோபர். காற்றே உள்ளே போகவில்லை. ஊர்வலத்தின் இரைச்சலில் அது யாருக்கும் தெரியவில்லை. அவர் பங்கையும் சேர்த்து ஊதி ஊதி லோகேஸ்வரனின் உதடு வீங்குவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

ஒரு ஆடி மாதம் லோகேஸ்வரனின் தாயார் வடிவாம்பாள் இறந்துபோனார். மொட்டையடித்த தலையோடு அவன் வந்து கிறிஸ்டோபரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நான் கொள்ளிச்சட்டி தூக்கினு முன்னால போவணும். அம்மாவுக்கு உன் வாசிப்புன்னா உசுரு. அதுக்குப் புடிச்ச பாட்ட நீ ஒருத்தனா வாசிச்சிடுண்ணா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டார்.

தெருமுனையில் மேளக்காரர்கள் அடியைக் குறைத்துப் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். கிறிஸ்டோபர் ஊதினார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது. எச்சில் தாடையில் வழிந்தது. மறுபடி அழுத்தியபோது பல்செட் கழன்று, இறைந்து கிடந்த பூவின் மேல் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து முடிக்கும்வரை பின்னால் பாடை நின்றது. கொள்ளிச்சட்டியோடு லோகேஸ்வரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு முன்னால் நடந்தான். கிறிஸ்டோபர் சுடுகாட்டுக்குப் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவன் வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"உனக்கு மூச்சு கம்மியாயிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றான் லோகேஸ்வரன். "நீ ஊதவே இல்லன்னு தெரியாது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உன்னக் கூப்ட்டிருப்பேனா?"

அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது கிறிஸ்டோபருக்கு. அன்றிலிருந்து டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வேலைக்கும் போகாமல் கிடந்தார்.

"எத்தினி நாளைக்கு இப்டியே குந்திக்கினு இருப்ப?" என்று மனைவி ஸ்டெல்லாதான் அவரை மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் புவனேஸ்வரி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"உங்க பல்செட் ஈறு மேல சும்மா உக்காந்திருக்குது. அதான் அழுத்துனா நகருது. தாடை எலும்புலயே ரெண்டு டைட்டானியம் திருகு வெச்சி, எலும்பு அதைக் கெட்டியாப் புடிச்ச பிறகு நாலு பல்லையும் அது மேல பொருத்திடலாம். அப்புறம் அது நகராது. ஆனா மொதல்ல சர்க்கரை கட்டுக்குள்ள வரணும், ஈறு ஆறணும்."

"டிரம்பெட் ஊதலாமா மேடம்?" என்று கேட்டார் கிறிஸ்டோபர்.

"ஊதலாம். நான் சொல்ற வரைக்கும் தொடக்கூடாது."

சர்க்கரை குறைந்த பிறகு, ஊசி போட்டு மரக்கவைத்துத் திருகுகளை வைத்தார்கள். சில நாள் முகம் வீங்கிக் கஞ்சி குடித்தார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பல் வந்தது. வெகுநாள் கழித்து முறுக்கைக் கடித்தார். டிரம்பெட் அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. சும்மா கிடந்த உதடு சொன்னபடி கேட்கவில்லை. தாமல் ஏரிக்கரைக்குப் போய்த் தினமும் தனியாக ஊதிப் பழகினார். பல் அசையவே இல்லை. நாளாக ஆக நாதம் திரும்பியது.

வாலாஜாபாத் கல்யாணம் ஒன்றில் மறுபடி செட்டோடு சேர்ந்துகொண்டார். மாப்பிள்ளை அழைப்பு முழுக்க அவருடைய டிரம்பெட்தான் தூக்கி நிறுத்தியது. பெண் வீட்டார் ஒருவர் கையைப் பிடித்துப் பாராட்டியபோது நிமிர்ந்து பார்க்கக் கூசி, போய் வேனின் படியில் உட்கார்ந்துகொண்டார். லோகேஸ்வரன் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சத்தம் நல்லா இருக்குதுண்ணா," என்றான்.

கிறிஸ்டோபர் டீயை வாங்கிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்க மட்டும் இன்னும் முடியவில்லை.