ஆறாம் அறையின் பச்சை விளக்கு

என் மேசையில் ஓர் அழைப்பு மணிப் பொத்தான் கிடக்கிறது. தீப்பெட்டி அளவு, ஓரத்தில் பொட்டுப் போல ஒரு விளக்கு. பெருவிரல் படும் இடம் மஞ்சளேறித் தேய்ந்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் ஆறாம் அறைக் கட்டிலில் நீளக் கயிற்றில் கட்டியிருந்தது அது.

அங்கே தலைமைத் தாதியை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பொத்தான்களைத் தாமே அழுத்திப் பார்ப்பார். முன்கூடத்துக் கணினி மணியடிக்கும், அங்கிருக்கும் அக்கா "கேக்குது சிஸ்டர்!" என்று கத்துவார். பன்னிரண்டு தடவை. வைஃபை கடவுச்சொல்லை வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்ததும் சிஸ்டர்தான். "பேரப்பிள்ளைங்களுக்கு லைன் கிடைச்சா இன்னும் அரை மணி நேரம் உக்காருவாங்க லா" என்பார்.

சில நேரம் மணி அடிப்பதில்லை என்று எங்கள் கம்பெனிக்குப் புகார் வந்து, பழுது பார்க்கக் கிள்ளானிலிருந்து நான் போனேன். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். என் கம்பெனி அட்டையை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டுவார். தெரியாது என்ற சொல் அப்போது என் வாயில் வராது.

அன்று செவ்வாய்க்கிழமை. எல்லாப் பொத்தான்களும் அடித்தன. ஆறாம் அறைப் பொத்தானின் பதிவில் மட்டும், ஞாயிறு பிற்பகலில், 169.254 என்று தொடங்கும் எண் இருந்தது. பொத்தான்களும் அதே வைஃபையில்தான் ஓடின; அதில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர்தான் முகவரி தரவேண்டும். அது தராதபோது கருவி தானே வைத்துக்கொள்ளும் எண் அது. விளக்கு பச்சையாக எரியும். அழைப்பு எங்கும் போகாது. ஏன் என்று நான் தேடவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டு, சரியாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"காலையில எப்பவும் நல்லாத்தான் அடிக்குது தம்பி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பாருங்களேன்" என்றார் சிஸ்டர்.

"ஞாயிறு லீவு சிஸ்டர். மெஷினுக்குக் கிழமையெல்லாம் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு என்னமோ சரியாப் படல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறையச் சொந்தபந்தங்கள். ஆறாம் அறை அங்கிளைப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்திருக்கிறார். மாலைத் தேநீரோடு சிஸ்டர் போனபோது தரையில் கிடந்தார். கைக்குள் பொத்தான், பச்சை விளக்கு எரிந்தபடி. "அடிச்சிட்டே இருந்தேனே சிஸ்டர்" என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

திங்களன்று ரூட்டரின் பட்டியலைத் திறந்தேன். அதனிடம் இருந்தவை ஐம்பது முகவரிகள். மின்கலத்தை மிச்சப்படுத்தப் பொத்தான்கள் தூங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் அவற்றின் முகவரி பறிபோகும். விழித்துக் கேட்கும்போது ஐம்பதும் வந்தவர்களின் கைபேசிகளிடம் இருந்தன. பொத்தான்களுக்கென்று பன்னிரண்டை ஒதுக்கி, வருகிறவர்களுக்குத் தனி இணைப்பு போட எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தேன். சிஸ்டர் வாசல் பலகையை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதிப் போட்டதாலதானே தம்பி?"

செவ்வாய்க்கிழமையே அந்த எண்ணைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "இனிமே எழுதலாம் சிஸ்டர், பிரச்சினை இல்ல" என்றேன். அவர் எழுதவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டு, செமினியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மணிகளை மாற்றியபோது இந்தப் பொத்தானைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டு ரூட்டர் இதற்கு உடனே முகவரி தந்துவிடுகிறது. சிஸ்டரின் எண் என் கைபேசியில் இருக்கிறது. இன்றும் ஞாயிறு, மத்தியானம். பொத்தானை அழுத்துகிறேன், பச்சை எரிகிறது. கைபேசியை எடுத்து, மறுபடியும் கவிழ்த்து வைக்கிறேன்.