பாபுவின் பத்தியம்

காய்ந்து ஒட்டிப்போன துணிக்கட்டின்மேல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கும்போது, கெட்டுப்போன பாலும் துருப்பிடித்த இரும்பும் கலந்ததுபோல ஒரு வாடை எழும். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் அந்த வாடையோடுதான் நாற்பது நாட்கள் கண்விழித்தேன். முதல் பதினேழு நாட்கள் அடுத்த கட்டிலில் என் தம்பி பாபு இருந்தான். அவனுக்கு ஏழு வயது.

நாங்கள் பொம்மனஹள்ளியில், எட்டு வீடுகள் ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்கும் "வட்டாரம்" ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் கார்மென்ட்ஸ் வேலைக்குக் காலை ஏழரைக்கே போய்விடுவார்கள். தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. அன்று அவனுக்கு வெந்நீர் வைக்கப் பம்ப் ஸ்டவ்வை அடித்துக்கொண்டிருந்தேன், அவன் குளிருக்கு என் பக்கத்தில் ஒட்டி நின்றிருந்தான், ஸ்டவ் வெடித்தது. எனக்கு வலது கையும் மார்பும் ஒரு கன்னமும், அவனுக்கு வயிறும் தொடையும். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக் காயம், இரண்டு பேரையும் காப்பாற்றிவிடலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். வேலையிலிருந்து ஓடிவந்த அம்மா என் கட்டிலருகே நின்று கேட்ட முதல் கேள்வி, "பம்ப் அடிச்சது யாரு?"

ஐந்தாம் நாள், அப்பாவுடைய சூப்பர்வைசரின் மைத்துனர் வார்டுக்கு வந்தார். மடிவாளாவில் பச்சிலை மருந்து விற்பவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும், கையில் பச்சைப்பொடி நிரம்பிய கண்ணாடி பாட்டிலுமாக வந்து நின்று, எங்கள் கட்டுகளைத் தூர இருந்தே பார்த்தார்.

"தேன்ல குழச்சு மூணு வேளை குடுங்க. ரத்தத்தச் சுத்தம் பண்ணும், புண்ணு சீழே வைக்காது. ஆனா பத்தியம் முக்கியம். முட்டை, பாலு, கறி எதுவும் நாக்குல படக்கூடாது. பாதியில நிறுத்தினா விஷமாத் திரும்பிடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பொடி ஒருவருக்குத்தான் வரும் என்றார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "பையனுக்குக் குடுங்க" என்றாள்.

வார்டில் காலையில் ஆளுக்கொரு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் தருவார்கள். "ரெண்டு பேரும் மொட்டெ தின்னணும், கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" என்று கன்னட நர்ஸ் கட்டிலைத் தட்டிச் சொல்லிவிட்டு நகர்ந்ததும், அம்மா பாபுவின் முட்டையை எடுத்து என் தட்டில் போட்டு, "சிஸ்டர் பாக்கறதுக்குள்ள முழுங்கு" என்பாள். அவன் பாலும் எனக்குத்தான். அவனுக்கு உப்பில்லாத கஞ்சியும் அந்தப் பொடியும். பொடியின் கசப்புக்குப் பயந்து அவன் கஞ்சியையும் வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ளத் தொடங்கினான்.

ஒருநாள், "அக்கா, மஞ்சள் மட்டும் குடுக்கா" என்று கேட்டான். மஞ்சள் கருவைக் கிள்ளிக் கை நீட்டினேன். தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அம்மா அதற்குள் வந்துவிட்டாள். தீ படாத கன்னமாகப் பார்த்து அறைந்தாள். "மொதல்ல கொளுத்துன. இப்ப விஷம் வைக்கிறியா?" என்றாள். அதன் பிறகு அவன் கேட்கும்போதெல்லாம் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றேன். அழுதுகொண்டே தின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் அழவில்லை. வீட்டில் எனக்கு ஒரு முழு முட்டை கிடைத்ததே இல்லை. பசித்தது, ருசித்தது, தின்றேன்.

பன்னிரண்டாம் நாள் பாபுவின் கட்டு பச்சையாக நனைந்திருந்தது. காய்ச்சலில் அவன் பல் கிட்டியது. டாக்டரம்மா ஊசியை மாற்றினார், கட்டிலடியில் இருந்த பொடி பாட்டிலையும் பார்த்துவிட்டார். அப்பாவை என் கட்டிலை ஒட்டிய கதவுக்கு வெளியே அழைத்துப்போய்ப் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பையன் ஏன் இப்படி வத்திப்போறான்? முட்டை, பால் குடுக்கலையா? உடம்புல சத்து இல்லாம ஊசி மட்டும் என்ன பண்ணும்? எந்தப் பொடியா இருந்தாலும் இன்னைக்கே தூக்கிப் போடுங்க."

அப்பா கைகட்டி நின்று, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். உள்ளே வந்ததும் அம்மா, "என்ன சொன்னாங்க?" என்றாள். அப்பா பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாதியில் நிறுத்தினால் விஷம் என்ற பயமா, சூப்பர்வைசருக்குப் பதில் சொல்லவேண்டுமே என்ற பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல சரியாயிடுமாம்" என்றார்.

நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுபடி அறை விழும் என்ற பயம் இருந்தது. சொன்னால் நாளைக்கு இரண்டாவது முட்டை வராது என்ற கணக்கும் இருந்தது.

ஐந்து நாள் கழித்து, நண்பகல் சோற்று வண்டி வரும் நேரத்தில் பாபு போனான். நான் தேறினேன். தோல் பிடித்தது, கை மறுபடி மடக்க நீட்ட வந்தது, கன்னத்தில் சதை வைத்தது. வீடு திரும்பிய நாளிலிருந்து அம்மாவுக்கு நான் "தம்பி பங்கையும் தின்னு பொழச்சவ". வட்டாரத்துப் பெண்களிடமும், பெண் பார்க்க வந்தவர்களிடமும்கூட அப்படித்தான் சொன்னாள். அப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஒருமுறையும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த வட்டாரம் இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிப் பி.ஜி. விடுதி. மடிவாளாக் கடை எங்கே இருந்தது என்பதையே யாராலும் காட்ட முடியவில்லை. போன வருடம் அப்பாவும் இறந்தார். இனி மறைக்க யாருமில்லை என்று நினைத்து, என்னோடும் என் கணவர், பிள்ளைகளோடும் இருக்கும் அம்மாவிடம், கதவுக்கு வெளியே டாக்டரம்மா சொன்னதை வரிவரியாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"அப்ப ஒனக்குத் தெரியும்" என்றாள்.

அன்று மாலையும் அப்பாவின் படத்துக்குப் பூ வைத்தாள். சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் தட்டு வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.