இப்ப வரும்

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்காதவர்கள் என்பது அவர்கள் ஓட்டுகிற லட்சணத்திலேயே தெரியும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதில் கால் வைத்தபடியே ஆயுசில் பெரும்பகுதி போயிற்று. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஏதாவது வண்டி குறுக்கே வந்தால் கால் தரையை அமுக்கும். "இது சோபா, எங்கயும் போயிடாது" என்பார் கணவர்.

இப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் மலைப்பாதைப் பந்தயத்தில் கார் ஓட்டினாள் என்றால் மாணவர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் பாதையை மூடிவிட்டு, அடிவாரத்திலிருந்து உச்சிக்கு யார் சீக்கிரம் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். டீச்சர் ஓட்டுவாள். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு வளையும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவது கணவரின் தங்கை, அதாவது நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வண்டியிலா, மேலே போய்ச் சேருவதற்குள் ஒருத்தியை ஒருத்தி பள்ளத்தில் தள்ளிவிடுவாள் என்று மற்றவர்கள் கிண்டலடித்தார்கள். இவர்கள் கோப்பையோடு இறங்கிய வருஷம் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வண்டியின் உயிரே அதன் டர்போதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு காற்றாடியைச் சுழற்றும். அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். உள்ளே காற்று கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் காலத்து டர்போ பெரிய உருப்படி, வேகம் பிடிக்க நேரமாகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே நடக்காது. சன்னமாக ஒரு விசில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் நாத்தனார் மெதுவாக, "இப்ப வரும்" என்பாள். உடனே முதுகில் யாரோ இரண்டு கையாலும் தள்ளியதுபோல் வண்டி பாயும். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை.

அப்புறம் பிள்ளைகள், பள்ளிக்கூடம், முட்டிவலி என்று வந்து வண்டி ஷெட்டுக்குள் முடங்கியது. டர்போவின் பேரிங் தேய்ந்து, ஸ்டார்ட் செய்தாலே நீலப் புகை கக்கியது. நாத்தனாரின் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, போன வருஷம் அடியோடு போய்விட்டது. அதிலிருந்து அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கடைக்குக் கூப்பிட்டால் தலைவலி, பார்க்குக்குக் கூப்பிட்டால் தூக்கம். ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாய் ஓயாதவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் டீச்சர் அவளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது நாத்தனார் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அண்ணி, நம்ம வண்டி இருக்கா, வித்துட்டீங்களா?"

"இருக்குடி."

"அந்த ரோட்ல ஒரு தடவை போகணும். முதுகுல தள்ளுமே, அது வேணும்."

அவள் எதையாவது வேண்டுமென்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று. டீச்சர் அன்றைக்கே வண்டியை மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மெக்கானிக் அவளிடம் கார் கற்றவர், அதுவும் விளக்குக் கம்பத்தில் மோதிக் கற்றவர். தலை நரைத்த பிறகும் அவளைக் கண்டால் ஒரு பயம். பழைய கம்பெனியின் அசல் டர்போவைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை, அந்த விலைக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம். மேஜையில் வேறு இரண்டை எடுத்து வைத்தார்.

"இது உங்க பழசோட அச்சு அசல் நகல், டீச்சர். அதே சைஸ், விலை ரொம்பக் கம்மி. யார் செஞ்சாங்கன்னுதான் தெரியல, பெட்டி மேல பேர்கூடக் கிடையாது."

டீச்சர் காற்றாடியின் நுனியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். "புதுசுலயே ஆடுதே."

"ஆடும். வேகமா சுத்தும்போது உரசி இறக்கை உடைஞ்சா, துண்டு நேரா இன்ஜினுக்குள்ள போயிடும். இன்னொண்ணைப் பாருங்க. இதுவும் அசல் கம்பெனியோடது இல்லதான், ஆனா பேர் போட்டுச் செய்யறாங்க, கியாரண்டி தர்றாங்க. நானே பல வண்டியில மாட்டிட்டேன், ஒண்ணுகூடத் திரும்பி வரல. உங்க இன்ஜினுக்கு இதுவே போதும்."

"சின்னதா இருக்கே."

"சின்னதா இருக்கறதுதான் நல்லது. மிதிச்ச உடனே தூக்கும். அந்தப் பழைய தாமதமெல்லாம் இருக்காது."

அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். டீச்சருக்குச் சுருக்கென்றது. தாமதம் இல்லையென்றால் "இப்ப வரும்" என்று சொல்ல நேரம் ஏது? கை தன்னால் அந்த நகலை மறுபடியும் எடுத்தது. அதே எடை, அதே வடிவம், வாங்கத்தான் சொல்லிற்று மனசு. கண் தெரியாதவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையேறப்போகிறோம் என்பது உடனே உறைக்க, அதைக் கீழே வைத்தாள்.

"சின்னதையே மாட்டுப்பா."

மாட்டியபின் ஓட்டிப் பார்த்தாள். புகை இல்லை, தயக்கம் இல்லை, மிதித்ததும் பறந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத அந்த வண்டியை அழாத குறையாக வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வரும் வழியில்தான் அந்த யோசனை தோன்றியது. வண்டி காத்திருக்காவிட்டால் என்ன, கால் காத்திருக்கட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள். மலைப்பாதையின் முதல் நேர் ரோட்டில் டீச்சர், "ரோடு காலி" என்றாள். காலை ஆக்சிலரேட்டரின் மேல் சும்மா வைத்து ஒரு மூச்சு விட்டாள்.

"இப்ப வரும்" என்றாள் நாத்தனார்.

டீச்சர் மிதித்தாள். வண்டி பாய்ந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே ஆயிற்று.

"அண்ணி, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

"டர்போ மாத்திட்டீங்களா?"

"ஆமாண்டி. பழசு போச்சு."

"பழசுன்னா காத்திருக்கறப்ப விசில் ஏறும். இப்ப சத்தமே இல்ல. நீங்க காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கீங்க. கண்ணுதான் போச்சு அண்ணி, காது இருக்கு."

டீச்சர் திருதிருவென்று விழித்தாள். "உனக்கு அந்தக் காத்திருக்கறது பிடிக்குமேன்னுதான்..." என்று இழுத்தாள்.

நாத்தனார் தடவி, கியரின் மேலிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருஷமா எல்லாரும் எனக்காக மெதுவாப் போறாங்க. நடக்கறது மெதுவா, பேசறது மெதுவா. என் பிள்ளைங்க சண்டைகூட மெதுவாத்தான் போடறாங்க. நீங்களுமா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிதிங்க அண்ணி."

"எப்போ?"

"நான் சொல்றப்ப."

வண்டி மறுபடியும் ரோட்டில் ஏறியது. "ரோடு காலி" என்றாள் டீச்சர். கால் ஆக்சிலரேட்டரின் மேல் தயாராக இருந்தது. நாத்தனார் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. எப்போது சொல்வாள் என்று தெரியாமல் டீச்சர் அந்தக் காலத்தைப்போலவே நிஜமாகக் காத்திருந்தாள்.

"இப்ப வரும்."

டீச்சர் ஒரே மிதியாக மிதித்தாள். இரண்டு பேர் முதுகும் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நாத்தனார்தான் முதலில் சிரித்தாள்.

"அடுத்த வளைவு எந்தப் பக்கம்?"

"வலது."

"எவ்வளவு வளையும்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? நான் உங்களுக்கு இப்படியா சொல்லிக்கிட்டு வந்தேன்? இதை நம்பி எப்படி அண்ணி ஒருத்தி உட்கார்ந்திருப்பா? வாயைத் திறந்து ஒழுங்காச் சொல்லுங்க."

ஊரையே திட்டிய டீச்சர் அன்றைக்கு உச்சி போய்ச் சேரும்வரை திட்டு வாங்கிக்கொண்டே வண்டி ஓட்டினாள்.