பதுங்குகுழியில் வல்லாரை

குண்டு விழுந்தால் பதுங்குவதற்கென்று வெள்ளவத்தை வீட்டின் பின்வளவில் குழி வெட்டினோம். ஈரம் நன்றாக இருந்ததால் மனைவி அதில் வல்லாரை நட்டுவிட்டாள்.

சென்ற வாரம் ஒருநாள் காலை, குழிகளைப் பார்வையிடும் வார்டன் வந்தார்.

"சைரன் ஊதினா எங்க பதுங்குவியள்?"

"வல்லாரையை மிதிக்காம ஓரமா நிக்கலாம் தம்பி," என்றாள் மனைவி.

"நாளைக்குள்ள பிடுங்காட்டி மேலிடத்துக்கு எழுதுவன்."

சொல்லி முடிக்குமுன் சைரன் ஊதியது. வார்டன்தான் முதலில் குதித்தார். பிள்ளைகளோடு நாங்கள் நால்வரும் கரையில் நின்றோம்.

"காலைத் தூக்குங்கோ தம்பி, காலைத் தூக்குங்கோ!" என்று மனைவி கத்தினாள்.

விமானம் வரவில்லை. மிதிபட்டதை வார்டனுக்கே கட்டிக் கொடுத்தாள். மீதியைப் பிடுங்கச் சம்மதிக்கவில்லை.

அன்றிலிருந்து ரயில் கூவினாலும் எழுந்து நிற்கிறேன். யாருடைய குழியிலாவது நான்கு பேருக்கு இடமிருந்தால் தெரிவியுங்கள். வல்லாரைச் சம்பலுடன் வருவோம்.