காலிக் குமிழி

அன்று எங்கள் முன்னறையில் இருந்தது நான்கு பேர். நான், என் மனைவி, ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து நேராக வந்த அத்தை மகன், அவன் மனைவி. அவன் தலைச் சந்தனம் மடிக்கணினியின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. சென்னையில் படக்கதை போடும் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வீடியோ கேம் செய்திருந்தார்கள். வெளியே விடுவதற்கு முன் எனக்குக் காட்ட வந்திருந்தார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. சிறு வயதில் கதை சொன்னது நான், படம் போட்டது அவன். பழைய காலண்டரின் பின்பக்கம் கட்டம் கட்டி ஆட்களை வரைந்து, பேச்சுக் குமிழியைக் காலியாக விட்டு என் முன் நீட்டுவான். வார்த்தை எழுதுவது என் வேலை. தப்பாகிவிடுமோ என்று பென்சிலைக் கடித்துக்கொண்டே இருப்பேன். "சீக்கிரம் பாவா, அவன் எவ்ளோ நேரம் வாயத் தொறந்துகினு நிப்பான்?" என்பான்.

அதனால் கேமைப் பார்க்க அல்ல, என் கதையைத் திருடியிருந்தால் பிடிக்கவே உட்கார்ந்தேன். ஓடிப்போன தம்பியைத் தேடி வரும் ஒரு நர்ஸ் அக்கா. சுடுவது, ஓடுவது எதுவும் இல்லை. படக்கதைப் பக்கம் போலக் கட்டம் கட்டமாக விரிகிறது. மழைத் தெருவின் ஈரம்கூடத் தெரிகிறது. யாராவது கேள்வி கேட்டால் கீழே இரண்டு பதில்கள் வரும். நாம் தொடுகிற பதிலின் பக்கம் கதை போகும். என் கதை ஒரு வரிகூட அதில் இல்லை. திருடியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நன்றாக வேறு இருந்து தொலைத்தது. நடுவில் ஒருமுறை படம் அசையாமல் நின்றபோது, கெட்டுவிட்டதென்று எனக்கு மனசு குளிர்ந்தது. உடனே ஓடத் தொடங்கிவிட்டது.

தம்பி ரயிலடியில் கிடைத்துவிட்டான். "நான் வரணுமாக்கா?" என்கிறான். வா என்றால் கட்டாயப்படுத்தியது ஆகுமோ, வேண்டாம் என்றால் ஏதாவது செய்துகொள்வானோ. என் விரல் அந்தரத்தில் நின்றது. அக்காவின் வாய்க்கு மேல் ஒரு காலிக் குமிழி வந்தது. தம்பி ரயில் ஏறிவிட்டான்.

"இன்னாங்க, அந்தப் புள்ளைய வுட்டுட்டீங்களே!" என்றாள் என் மனைவி.

அத்தை மகன் தொடையில் தட்டிச் சிரித்தான். "அது உன்னுதுதான் பாவா. யோசிச்சிகினே இருந்தா காலிக் குமிழி வரும். உன்ன நெனச்சிதான் வச்சேன்."

"எப்பவும் உங்களப் பத்திதான் பேச்சுண்ணா," என்றாள் அவன் மனைவி. மற்ற குமிழிகளை எல்லாம் நிரப்பியவள் அவள். அந்தக் காலத்தில் நான் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கழுத்துச் சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். அத்தனை கதை சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனே சொல்லிவிட்டதால் சண்டை போடவும் வழியில்லை.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, "எப்பிடிக் கீது பாவா?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றால் அவளை மெச்சியதாகும். இல்லை என்றால் பொய். முன்போல அவன் அவசரப்படுத்தவில்லை. அரக்கோணம் பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.

இப்போது கேம் போனிலேயே வருகிறது. பள்ளிப்பட்டுக்காரப் பெண் ஒருத்தி நேற்று என் கடையில் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். எல்லாரையும் போலப் பட் பட்டென்று பதிலைத் தொட்டாள். ரயிலடி வந்ததும், "கொஞ்சம் இரும்மா, தொடாத," என்றேன். விரலை எடுத்தாள். குமிழி வந்தது.

"ஐய, ஹேங்கு ஆயிடுச்சிண்ணா," என்று போனை என் முன் நீட்டினாள்.