மூன்றாவது கம்பம்

பிற்பகல் இரண்டு நாற்பது. ஏரிக்கரை மர வீட்டின் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபோது, உறைந்த ஏரியின்மேல் வரிசையாக நட்டிருந்த ஊசியிலை மரக் கிளைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் ஆளுயரம். கரையிலிருந்து உள்நோக்கி நேர்கோட்டில், பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக நின்றன. மூன்றாவது கிளையின் பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி மட்டும் ஏரி வெள்ளையாக இல்லை, பழுப்பாக இருந்தது. கணுக்கால்வரை தண்ணீர்.

அது ஸ்வீடன். மார்ச் மாதக் கடைசி வாரம். பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்து அவர் ஓய்வு பெற்ற வருடம். கோபன்ஹேகனில் தொடங்கி ரயிலிலேயே வடக்கே போவதாகத் திட்டம். அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். எழுபது வயதிருக்கும், நல்ல ஆங்கிலம் பேசினார். வந்த அன்றே, ஏரியின் நடுவில் பனிக்கட்டி ஓரடி கனம் என்றும், குளிர்காலத்தில் அதன்மேல் கார் ஓட்டுவார்கள் என்றும் சொன்னார். தூரத்தில் இரண்டு பேர் மடக்கு நாற்காலி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்ததை நாங்களே பார்த்தோம்.

என் கணவர் துணிச்சலான ஆள் இல்லை. எந்த உணவகத்திலும் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். வீட்டைப் பூட்டிக் கிளம்பிய பிறகும் கேஸ் அடுப்பைப் பார்க்க ஒரு முறை திரும்பி வருவார். அன்று மதியம் சாப்பிடும்போது அவர் சன்னலைக் காட்டி, "அந்தக் குச்சிங்கள பாத்தியா? போற வழிக்கு அடையாளம் நட்டு வச்சிருக்காங்க. அது பக்கத்துலயே போனா ஒண்ணும் ஆகாது" என்றார். நான் கைப்பேசியில் கோலாலம்பூர்ச் செய்திகளைப் படித்துக்கொண்டே தலையாட்டினேன். ஒரு பெயரின் இனிஷியலைச் சரிபார்க்க மூன்று பேருக்குத் தொலைபேசி செய்யும் பத்திரிகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தக் குச்சிகள் எதற்கென்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் செருப்போடு வெளியே ஓடினேன். வீட்டுக்காரம்மா எனக்கு முன்பே கரையில் இருந்தார், கையில் ஒரு அலுமினிய ஏணி. ஓடை ஒன்று அந்த இடத்தில்தான் ஏரியில் கலக்கிறது. அடியில் நீரோட்டம் இருப்பதால் கட்டி மெலிந்திருக்கும். யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்காக நட்ட கிளைகள் அவை. இதை அவர் நான்கு சொற்றொடர்களில் சொல்லி முடித்தார். பிறகு, உன் கணவர் நடக்கக் கூடாது, ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது, மெதுவாகக் குப்புறப் படுத்து ஊர்ந்து வரச் சொல் என்றார். ஏணியைக் கட்டியின்மேல் தள்ளினார். அது அவரை எட்ட இன்னும் இருபதடி இருந்தது.

நான் கத்தினேன். "என்னங்க, படுங்க! அப்படியே படுத்து ஊந்து வாங்க!"

அவர் திரும்பவில்லை. வலது கையை மட்டும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, தாழ்வாக, யாரையோ பிடித்திருப்பதுபோல் வைத்திருந்தார். கட்டிக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. நீளமான தகரத்தை யாரோ வளைப்பதுபோல அது கரையிலிருந்து கிளம்பி அவரைத் தாண்டிப் போயிற்று. தண்ணீர் அவர் காலணிக்கு மேல் ஏறியது.

"படுக்க முடியாது" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "படுத்தா மூக்குல தண்ணி ஏறிடும். பாப்பா என்னைவிடக் குட்டை. பாப்பாவுக்கு இப்பவே கழுத்துவரைக்கும் இருக்கு."

எங்களுக்குத் தெரிந்த யாரையும் நாங்கள் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் கழுத்தளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த மனிதர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. என் பயம் முழுவதும் அதுதான். கட்டி உடைவது அதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் ஒரு பொய் சொன்னேன்.

"பாப்பாவ நான் புடிச்சிட்டேன். இங்க கரையில என்கிட்டதான் இருக்கா. நீங்க படுங்க."

"நெசமாவா?"

"சத்தியமா. என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. உங்களத்தான் பாக்குறா."

அவர் வலது கையை மெல்லத் திறந்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பிறகு முழங்காலிட்டு, தண்ணீரில் முகம் படாமல் தலையைத் தூக்கியபடி, குப்புறப் படுத்தார். ஏணியின் முனையை அவர் எட்டிப் பிடிக்கும்போது மணி என்னவென்று நான் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் அவர் என் வலப்பக்கம் பார்த்தார், பிறகு இடப்பக்கம். 

மூன்றாம் நாள் வடக்கே போகும் ரயிலில்தான் பேசினார். வெளியே மணிக்கணக்காக ஒரே மாதிரிக் காடு. அவர் பிறந்தது கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில், ஆற்றோரப் பலகை வீடுகளில் ஒன்றில். அது எனக்குத் தெரியும். சிறு வயதில் ஒரு தங்கை காய்ச்சலில் இறந்தாள் என்பதும் தெரியும். திருமணத்தின்போது என் மாமனாரே அப்படித்தான் சொன்னார். காய்ச்சல் இல்லை என்றார் கணவர். அவருக்குப் பத்து வயது, பாப்பா என்று கூப்பிட்ட அந்தத் தங்கைக்கு ஆறு. வெள்ளம் பொங்கி வந்த காலையில், பிரசவமாகிப் பதினைந்து நாளே ஆன அம்மாவை முதுகிலும் பிள்ளையைத் தோளிலும் சுமந்துகொண்டு அப்பா முன்னால் போனார். போகும்போது சொன்ன வார்த்தை இது: "பாப்பா கைய விடாத. போஸ்ட பாத்துக்கிட்டே வா. போஸ்டுக்குப் பக்கத்துலதான் ரோடு இருக்கும்." வெள்ளம் வந்தால் அங்கே எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். சாலை கண்ணுக்குத் தெரியாது; விளக்குக் கம்பங்களின் வரிசை மட்டும் தெரியும்.

மூன்றாவது கம்பம்வரை வந்ததாக நினைவிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு காலுக்கடியில் தரை இல்லை. யாரோ இவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். கையில் எதுவும் இல்லை.

அந்த வாரமே குடும்பம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "போஸ்ட விட்டுட்டான்." திட்டவில்லை, அடிக்கவில்லை. சாகும்வரை அதற்குமேல் ஒன்றும் சொல்லவும் இல்லை.

அதன்பிறகு நான் பழைய விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினேன். அது என் தொழில் பழக்கம். கிள்ளானில் உறவினர் திருமணம் என்றால் என்னைக் கொம்யூட்டர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, தலைவலி என்று திரும்பிவிடுவார். வெள்ளச் செய்தி சேகரிக்க நான் போன நாட்களில் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, நான் எந்தச் சாலை வழியாக வருகிறேன் என்று இரண்டு மூன்று தடவை கேட்பார். மறுநாள் காலை என் பெயர் போட்ட செய்தியைப் படிக்காமல் மடித்து வைப்பார். அது பொறாமை என்று நினைத்து நான் ஒரு காலத்தில் அவரைக் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு மழை நாட்களை நினைத்துத்தான் பயந்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே எந்த வெள்ளமும் வராது. ஆனால் சாயங்கால மழை பிடித்தால் அவர் பால்கனிக் கதவருகே நின்று, வலது கையைச் சற்றுத் தள்ளித் தாழ்வாக வைத்துக்கொள்வார். "சாப்பிட வாங்க" என்றால் உடனே வருவார், சாதாரணமாகப் பேசுவார். என்றைக்காவது ஒரு நாள் கூப்பிட்டும் வராமல் போவாரோ என்று சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவரை அன்று கரைக்குக் கொண்டுவந்தது என் பொய். அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "அந்த எடத்த ஒரு தடவ பாத்துடணும். நீ வா. எனக்குத் தனியா போகப் பயமா இருக்கு" என்றார். பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை.

நான்தான் கார் ஓட்டினேன். பலகை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் பட்டறைகளும் ஒரு லோரி நிறுத்துமிடமும் இருக்கின்றன. கார்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. வெயில் காய்ந்தது. அவர் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. "நீ போய் பாத்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்" என்றார். முகத்தில் வேர்த்திருந்தது.

சாலையோரம் குடைக்குக் கீழே ஒரு அம்மா வாழைப்பழப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் நோட்டுப் புத்தகம் எடுப்பதைப் பார்த்ததுமே கரண்டியை உயர்த்தினார்.

"முனிசிபல் ஆளா? நான் லைசன்ஸ் வச்சிருக்கேன்லா."

இல்லை ஆன்டி, வீட்டுக்காரர் இங்கே பிறந்தவர், சும்மா பார்க்க வந்தோம் என்றேன்.

"இங்க பாக்க என்ன இருக்கு? கொசுதான் இருக்கு" என்று சிரித்தார். ஐந்து வயதிலிருந்து அங்கேயே இருக்கிறாராம். விளக்குக் கம்பங்கள் எப்போது நட்டவை என்று கேட்டேன்.

"போஸ்டா? அது அப்பலேர்ந்தே அங்கதான். மரப் போஸ்ட புடுங்கிட்டு சிமெண்ட் வச்சான், அதே குழியில."

"ரோடு?"

"ரோடும் அதேதான். முனியாண்டி கோயில இடிக்க எவனுக்குத் தைரியம் இருக்கு? வெள்ளக்காரனே சுத்திக்கிட்டுதான் ரோடு போட்டான்."

நான் முதல் கம்பத்திலிருந்து நடந்தேன். இரண்டாவது. மூன்றாவது. அங்கே நின்று நான் முன்னால் பார்த்தேன். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. நேராகக் காருக்குத் திரும்பி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்கி வாங்க. ஒண்ணு காட்டணும்."

"வேணாம்மா."

"கைய நான் புடிச்சிக்கிறேன். வாங்க."

பெல்ட்டை அவரால் கழற்ற முடியவில்லை. நான் கழற்றினேன். கம்பங்களை அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவது கம்பத்தில் நின்றோம்.

சாலை அங்கே வலப்பக்கம் வளைந்து கோயிலைச் சுற்றிப் போகிறது. நான்காவது கம்பம் நேர் எதிரே, பெரிய வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்கிறது. வெள்ளத்தில் கம்பத்தை விடாமல் நேரே நடந்தவன் கால் வைப்பது அந்த வாய்க்காலில்தான்.